வெளிச்சத்துக்கு ஏற்ற முகம்: நூறு ஆண்டு மேக்கப்

பழைய புகைப்படத்தில் இருக்கும் பெண் எந்தக் காலத்தவர் என்று கணிக்க, உடையைவிடப் புருவம்தான் நம்பகமான சாட்சி. உடையைப் பத்து வருடம் பெட்டியில் வைத்திருந்து மறுபடி உடுத்தலாம். புருவத்தை அப்படி எடுத்து வைக்க முடியாது. நூல் போல மெலிந்து, கண்ணின் வெளிமுனையைத் தாண்டிக் கீழே சரிந்தால் 1920-களின் கடைசி அல்லது 1930-கள். தடித்துத் தொடங்கி, மேலேறி, கூராக முடிந்தால் 1950-கள். கத்தரியோ பிடுங்கியோ படாமல் அடர்ந்து கிடந்தால் 1980-கள். மறுபடியும் மெலிந்து, சின்ன வளைவோடு நின்றால் 1990-களின் பிற்பாதி. ஓரங்கள் அளந்து வரைந்தது போல் தடித்துக் கனத்திருந்தால் 2010-கள்.

இன்று ‘அந்தக் கால மேக்கப்’ போட முயல்பவர்களில் பெரும்பாலோர் தோற்பதும் இங்கேதான். சிவப்பு லிப்ஸ்டிக்கையும் வால் இழுத்த ஐலைனரையும் போட்டுக்கொண்டு, 2010-களின் கனமான புருவத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். முகம் எந்தக் காலத்திலும் போய்ச் சேருவதில்லை.

புருவம் காலத்தைக் காட்டிக்கொடுக்கும், காரணத்தைச் சொல்லாது. முகம் ஏன் மாறியது என்று தேடிப் போனால் ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஒன்று, அந்த முகத்தின் மேல் விழுந்த வெளிச்சமும் அதைப் பிடித்த கேமராவும். மற்றொன்று, அன்றைக்கு டப்பாவிலும் குழாயிலும் அடைக்க முடிந்த பண்டம். ரசனை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றின் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

கறுப்பாகத் தெரிந்த சிவப்பு

1920-களின் நடுப்பகுதி வரை திரைப்படங்கள் எடுக்கப்பட்ட ஆர்த்தோகுரோமேட்டிக் படச்சுருளுக்குச் சிவப்பு தெரியாது. நீலத்தையும் பச்சையையும் பதிவு செய்யும், சிவப்பை இருட்டாக எடுத்துக்கொள்ளும். சிவந்த உதடு திரையில் கறுப்பாக நின்றது. கன்னத்தின் இயல்பான செம்மை அழுக்குத் திட்டாகத் தெரிந்தது. நடிகர்கள் முகம் முழுக்க, எண்ணெயில் நிறம் குழைத்த கனமான கிரீஸ்பெயின்ட் பூசியதற்கு அதுதான் காரணம். நாடக மேடைக்கான குச்சி வகை கிரீஸ்பெயின்ட் தடிமனாகக் காய்ந்து, முகம் அசையும்போது வெடித்தது. மேடையில் பத்து வரிசை தள்ளி உட்கார்ந்தவருக்கு அது தெரியாது, நெருக்கக் காட்சியில் அப்பட்டமாகத் தெரியும். 1914-ல் ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் மேக்ஸ் ஃபாக்டர் சினிமாவுக்கென்றே மெல்லிய, வளைந்துகொடுக்கும் கிரீம் வடிவில் அதைச் செய்து கொடுத்தார்.

திரையில் கண்ட கருத்த சின்ன உதடும் நிழல் படிந்த கண்களும் தெருவுக்கு வந்தன. 1922-ல் எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது எகிப்திய மை தீட்டிய கண்களுக்கு இன்னும் ஆசையைக் கூட்டியது. கூடவே பண்டமும் கைக்கு எட்டியது. மேபெலின் நிறுவனம் 1917-ல் இமைமுடிக்குப் பூசும் கேக் மஸ்காராவை விற்கத் தொடங்கியிருந்தது. 1923-ல் அடியைத் திருகினால் மேலேறும் லிப்ஸ்டிக் குழாய்க்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கப்பட்டது. கைப்பையில் வைத்து, கண்ணாடி கூட அதிகம் தேவையில்லாமல், நாலு பேர் நடுவில் உதட்டைத் திருத்திக்கொள்ள முடிந்ததே அந்தக் குழாயால்தான். ஒப்பனை படுக்கையறையை விட்டு வெளியே வந்த கதையில் இந்தத் திருகுக்கு உரிய இடத்தை யாரும் கொடுப்பதில்லை.

1920-களின் உதட்டை இன்று வரைய: உதடு முழுவதையும் கன்சீலரால் (தோல் நிறத்தில் மறைக்கும் பூச்சு) மூடி, பவுடர் தட்டிவிடுங்கள். மேலுதட்டின் நடுவிலுள்ள இரண்டு மேடுகளையும் இயல்பைவிட 1 மில்லிமீட்டர் மட்டும் உயர்த்திக் கூராக வரையுங்கள். வாயின் இரு ஓரங்களிலும் 4–5 மில்லிமீட்டரை நிறமில்லாமல் விடுங்கள். கீழுதட்டின் நடுவில் மட்டும் நிறம் வேண்டும். சிரித்தால் இந்த வடிவம் உடைந்துவிடும், ஓரத்தில் மூடிவைத்த இயல்பான உதடு எட்டிப் பார்க்கும். அந்தக் காலப் படங்களைப் போல வாயை மூடியபடிதான் படமெடுக்க வேண்டும்.

கறுப்பு-வெள்ளைப் படம் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போனில் நிறத்தை நீக்கினால் சிவப்பு உதடு வெறும் நடுத்தரச் சாம்பலாக வந்து சப்பென்று இருக்கும். எடிட்டிங் செயலியில் சிவப்பு, ஆரஞ்சு இரண்டின் ஒளியளவையும் குறைத்து, நீலத்தைக் கூட்டுங்கள். பழைய படச்சுருளின் பார்வைக்கு மிக அருகில் வரும். அப்போது முகத்தின் புள்ளிகளும் சிவப்புத் தழும்புகளும் கருத்து எழும். அன்றைய நடிகைகள் ஏன் அவ்வளவு கனமாகப் பூசினார்கள் என்பது உடனே விளங்கும்.

புருவத்தை மறைப்பது

1930-களின் புருவம் பெரும்பாலும் முடியே இல்லாத புருவம். மார்லீன் டீட்ரிச், ஜீன் ஹார்லோ போன்றவர்கள் இயற்கைப் புருவத்தை எடுத்துவிட்டு மேலே பென்சிலால் வரைந்துகொண்டார்கள். இதை அப்படியே பின்பற்றாதீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் முடியின் வேர்ப்பை சேதமாகி, பிறகு முளைக்காமலே போகலாம். மறைக்க வழி இருக்கிறது.

நீரில் கழுவக்கூடிய பசைக்குச்சியை எடுத்து, முடி வளரும் திசைக்கு எதிராக ஒரு முறை தேய்த்து, பிறகு மேல்நோக்கி சீவிப் படிய வையுங்கள். முடி தோலோடு தட்டையாக ஒட்ட வேண்டும். 3 நிமிடம் காயவிட்டு மறுபடி. மெல்லிய முடிக்கு 2 பூச்சு, அடர்ந்த முடிக்கு 4 வரை தேவைப்படும். முழுக்கக் காய்ந்ததும் பவுடரை அழுத்தி ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. அதன் மேல் கெட்டியான கிரீம் கன்சீலர், மறுபடி பவுடர், கடைசியில் முகத்துக்குப் போடும் பவுண்டேஷன். நடுவில் பவுடரை விட்டுவிட்டால் கிரீம் பசையை இளக்கி, இரண்டும் சேர்ந்து வழுக்கும். கரும்முடி உள்ளவர்களுக்குக் கன்சீலருக்கு அடியில் நீலச் சாம்பல் நிழல் தெரியும். அதற்கு முதலில் ஆரஞ்சு நிறத் திருத்தியை மெல்லியதாகப் பூச வேண்டும். மறைத்த இடத்தில் மினுமினுப்புள்ள எதையும் போடாதீர்கள். ஒளி பட்டதும் ஒவ்வொரு முடியும் வரிவரியாகத் தெரிந்துவிடும். கழற்றும்போது வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை 1 நிமிடம் வைத்துப் பசையை ஊறவிட்டு, பிறகு எண்ணெயால் துடைக்க வேண்டும். உரித்தால் முடி கையோடு வரும்.

அதே பத்தாண்டில் ஒரு கொடுமையும் நடந்தது. லாஷ் லூர் என்ற இமைமுடிச் சாயத்தில் பாரா-ஃபினிலீன்டயமீன் வகைப் பொருள் இருந்தது. 1933-ஐ ஒட்டி அதைப் போட்டுக்கொண்ட பெண்கள் பார்வை இழந்தார்கள், ஒருவர் இறந்தே போனார். அதைச் சந்தையிலிருந்து எடுக்க அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. 1938-ல் அழகுசாதனங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, இந்தப் பெண்களின் கண்கள்தான் அதற்கு முக்கியமான சாட்சியமாக இருந்தன. மேக்கப் வரலாறு என்றால் லிப்ஸ்டிக் நிறங்களின் வரிசை என்று எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது எனக்கு உறுத்துகிறது.

வண்ணம் வந்ததும் பளபளப்பு போனது

டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறையில் கிரீஸ்பெயின்ட் தோற்றுப்போனது. அதன் எண்ணெய்ப் பளபளப்பு பக்கத்திலிருந்த உடையின் நிறத்தையும் சுவரின் நிறத்தையும் முகத்தில் எதிரொளித்தது. பச்சைத் திரைச்சீலைக்கு அருகில் நின்றால் கன்னம் பச்சை. ஈர ஸ்பாஞ்சால் எடுத்துப் பூசும் கட்டியான மேக்ஸ் ஃபாக்டரின் பான்-கேக் இதற்குத் தீர்வாக 1937-ல் திரைக்கு வந்தது. அடுத்த ஆண்டே பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வந்து பெரும் வெற்றி கண்டது. 1940-களின் மழமழவென்ற, ஒளியை உறிஞ்சும் முகம் இந்த டப்பாவிலிருந்து வந்தது.

பான்-கேக் வகை இன்றும் மேடைக்கும் நடனத்துக்கும் பயன்படுகிறது. அதில் பிழை நேர்வது பெரும்பாலும் தண்ணீரால். ஸ்பாஞ்சை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, கேக்கின் மேல் இரண்டு மூன்று முறை தேய்த்து, முகத்தில் ஒரே திசையில் இழுக்க வேண்டும். தண்ணீர் கூடினால் கோடுகள் விழும், குறைந்தால் திட்டுத்திட்டாக ஒட்டும். அடியில் எண்ணெய்ப் பசையுள்ள கிரீம் இருந்தால் அந்த இடத்தில் பிடிக்காது. ஆகவே கிரீமை 15 நிமிடம் முன்பே போட்டு, மேல்பசையை டிஷ்யூவால் ஒற்றிவிடுங்கள். முதல் பூச்சு காயும்போது நிறம் சற்று வெளிறும். அதைப் பார்த்து அவசரப்பட்டு இரண்டாவது பூச்சு போடுவதே முகமூடித் தோற்றத்துக்கு முதல் காரணம்.

மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் இன்னொரு சிக்கல். பழைய பூச்சுகளில் நிறத்துக்கு அடிப்படையாக நின்றவை டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு ஆகிய வெள்ளைப் பொருள்கள். இவை கூடுதலாக இருந்தால் கரிய தோலில் சாம்பல் பூத்துவிடும். அந்தச் சாம்பல் தோலின் குறையாகப் பார்க்கப்பட்டது. உண்மையில் டப்பாவின் குறை அது. கரிய தோலுக்கு அடர்ந்த நிறமியும் குறைந்த வெள்ளையும் கொண்ட கலவை வேண்டும். அதைப் பெரிய நிறுவனங்கள் வெகுகாலம் செய்யவில்லை. 1973-ல் யூனிஸ் ஜான்சன் கறுப்பினப் பெண்களுக்காக ஃபேஷன் ஃபேர் நிறுவனத்தைத் தொடங்கினார். 2017-ல் ஃபென்டி பியூட்டி 40 நிறங்களில் பவுண்டேஷனை ஒரே நாளில் இறக்கியபோதுதான் மற்றவர்கள் தங்கள் நிற வரிசையை வேகமாக நீட்டினார்கள்.

1940-களின் சிவப்பு உதட்டைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்து லிப்ஸ்டிக் பிளாஸ்டிக்கிலும் அட்டையிலும் வந்தது. அப்போதும் பெண்கள் அதை விடவில்லை. அதைவிடச் சுவையானது, உதட்டில் நிறத்தை நிற்க வைக்க நடந்த போராட்டம். மெழுகும் எண்ணெயும் சேர்ந்த லிப்ஸ்டிக் கோப்பையிலும் கன்னத்திலும் ஒட்டும். இயோசின் வகைச் சாயங்கள் உதட்டுத் தோலையே நிறமேற்றும், ஆகவே நிற்கும். ஆனால் உதட்டை வறட்டும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும், ஒவ்வொருவர் உதட்டிலும் நிறம் மாறித் தெரியும். வேதியியலாளர் ஹேசல் பிஷப் தன் வீட்டுச் சமையலறையில் பல கலவைகளைச் சோதித்து, 1950-ல் ஒட்டாத லிப்ஸ்டிக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

சாதாரண லிப்ஸ்டிக்கையே மணிக்கணக்கில் நிற்க வைக்கும் பழைய முறை இப்போதும் செல்லும். உதட்டை முழுவதும் பென்சிலால் நிரப்பி, லிப்ஸ்டிக் ஒரு பூச்சு, டிஷ்யூவைக் கவ்வி எடுத்தல், இரண்டு அடுக்கு டிஷ்யூவைப் பிரித்து ஒற்றை அடுக்கை உதட்டின் மேல் விரித்து அதன் வழியே பவுடர் தட்டுதல், மேலே இரண்டாவது பூச்சு. டிஷ்யூ எண்ணெயை இழுத்துக்கொள்ளும், நிறமி தங்கும். பவுடரை நேரடியாகப் போட்டால் உதடு வெளுத்து வெடிப்புகள் தெரியும்.

கண்ணுக்குப் போன பத்தாண்டு

1950-களின் ஐலைனர் வால் இன்றுவரை எல்லோரும் முயல்வது. கீழிமை ஓரத்தின் கோட்டை அப்படியே வெளியே நீட்டினால் எங்கே போகுமோ, அதுவே வாலின் திசை. நீளம் 5 முதல் 8 மில்லிமீட்டர். கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தபடி, இரண்டு பக்கமும் முதலில் புள்ளி வைத்துவிட்டுப் பிறகு இணையுங்கள். தோலை இழுத்துப் பிடித்து வரைந்தால் விட்டதும் கோடு நெளியும். இமை மடிந்து தொங்கும் கண்ணுக்குக் கண்ணை மூடி வரையவே கூடாது. மூடியபோது நேராக இருக்கும் கோடு, திறந்ததும் மடிப்பில் புகுந்து ஒடிந்துவிடும்.

இதே சமயம் மஸ்காராவும் மாறியது. கேக் மஸ்காரா என்பது சோப்பும் கருமையும் கலந்த கட்டி. நனைத்த பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். பலர் எச்சிலால் நனைத்தார்கள், கண்தொற்றுக்கு அதுவே வழி. அழுதாலோ மழையில் நனைந்தாலோ சோப்பு கண்ணில் இறங்கி எரியும். 1950-களின் இறுதியில் ஹெலினா ரூபின்ஸ்டைன் குழாய்க்குள் குச்சியோடு வரும் மஸ்காராவைக் கொண்டுவந்தார். தண்ணீரும் தனி பிரஷ்ஷும் வேண்டாம் என்றானதும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சு ஏற்றுவது எளிதானது. 1960-களின் கனத்த இமைமுடி அதன் தொடர்ச்சி. குழாய் மஸ்காராவுக்கு ஒரு எச்சரிக்கை: குச்சியைக் குத்திக் குத்தி எடுத்தால் காற்று உள்ளே போய்ச் சீக்கிரம் காயும், கிருமியும் சேரும். திறந்த 3 மாதத்தில் தூக்கிப் போடுங்கள்.

1966-ல் பிரிட்டிஷ் மாடல் ட்விகியின் முகம் பரவியபோது, மேக்கப்பின் எடை முழுவதும் உதட்டிலிருந்து கண்ணுக்கு இடம் மாறியிருந்தது. என் பார்வையில் நூறாண்டில் கைத்திறனை மிகுதியாகக் கேட்ட கண் இதுதான். இமை முழுக்க மங்கலான வெளிர் நிறம். மடிப்புக்கு 2–3 மில்லிமீட்டர் மேலே, கண் திறந்திருக்கும்போதும் தெரிகிற இடத்தில், அடர் பழுப்பில் ஒரு வளைவு. அந்த வளைவின் மேல் ஓரத்தை மட்டும் கரைக்க வேண்டும். கீழ் ஓரம் கத்தியால் வெட்டியது போல் நிற்க வேண்டும், அதைத் தட்டையான சிறு பிரஷ்ஷில் கன்சீலர் எடுத்துத் திருத்தலாம். இரண்டு ஓரத்தையும் கரைத்துவிட்டால் அது 1990-களின் புகைக்கண்ணாகிவிடும்.

கீழிமை முடிகளை வரையும்போது வெளிமுனையில் தொடங்கி உள்ளே வாருங்கள். 6 முதல் 8 கோடுகள், ஒவ்வொன்றும் 2–3 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் சாய்ந்து. சமமான இடைவெளி விட்டால் பொம்மைத்தனமாகத் தெரியும். ஓரத்தில் நெருக்கமாகவும் உள்ளே போகப்போக விலகியும் இருக்கட்டும். செயற்கை இமையைக் கண்ணோடு அளந்து, வெளிமுனைப் பக்கத்திலிருந்து வெட்டுங்கள். பசை பூசி 30–40 விநாடி காத்திருந்து, பிசுபிசுப்பு வந்தபின் நடுவை முதலில் ஒட்டி, பிறகு முனைகளை அழுத்த வேண்டும். ஈரப் பசையில் வைத்தால் நழுவும். நீளம் கூடினால் உள்முனை கண்ணைக் குத்தி, அரை மணியில் எழும்பிவிடும்.

அந்தக் காலத்து வெளிர் உதடு மாநிறத்தில் பிணக்களை தருவதற்கு மறுபடியும் வெள்ளை நிறமிதான் காரணம். இளஞ்சிவப்புக் கலந்த வெளிர் நிறத்தை விட்டு, உங்கள் உதட்டைவிட இரண்டு படி இலேசான காரமல் நிறத்தை எடுங்கள். ஓரத்தில் உதட்டு நிறப் பென்சில் போட்டுக் கரைத்தால் அதே விளைவு உயிரோடு வரும்.

மினுக்கும் அதன் பிறகும்

முத்துப் பளபளப்புக்கு முன்பு மீன் செதில்களிலிருந்து எடுத்த குவானின் பயன்பட்டது, விலையும் அதிகம். 1960-களில் அபிரகத் துகளின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பூசும் முறை வந்தது. மினுக்கு மலிவாகி, 1970-களின் நடன அரங்குகளுக்கும் 1980-களின் நீல இமைக்கும் போதுமான அளவு கிடைத்தது. துகள் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு சுருக்கமும் எடுத்துக்காட்டப்படும். ஆகவே மினுக்கை இமையின் நடுவில் நிறுத்தி, மடிப்பில் மேட் (பளபளப்பில்லாத) நிறம் வைப்பது நல்லது. 1980-களின் பிளஷ்ஷுக்குக் கிரீமை அடியிலும் பவுடரை மேலும் வைத்து, கன்ன எலும்பிலிருந்து நெற்றிப்பொட்டு வரை கொண்டுபோங்கள். கன்னத்தின் நடுவில் தொடங்கினால் அந்தக் காலம் வராது.

1990-களில் வந்த பழுப்பு உதட்டுக்கு ஒரு விதி போதும்: பென்சில் லிப்ஸ்டிக்கைவிட இரண்டு படி அடர்ந்திருக்க வேண்டும், கோடு தெரிய வேண்டும். வேதியியலில் பெரிய மாற்றம் 1994-ல் ரெவ்லான் கலர்ஸ்டே லிப்ஸ்டிக்கோடு வந்தது. ஆவியாகும் கரைப்பான் பறந்துபோய், நிறம் கலந்த மெல்லிய படலம் உதட்டில் தங்குகிறது. 2010-களின் திரவ மேட் லிப்ஸ்டிக் இதன் வாரிசு. காய்ந்த படலத்தின் மேல் இரண்டாவது முறை பூசினால் பாளம் பாளமாக உரியும். முதல் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும், உதடுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் 1 நிமிடம் வைத்திருங்கள். எண்ணெய் பட்டால் படலம் உடையும், எனவே கழற்றவும் எண்ணெய்தான்.

2000-களின் ஒட்டும் கிளாஸைச் சொல்ல அதிகம் இல்லை. முடி ஒட்டிக்கொள்ளும், அரை மணியில் போய்விடும்.

2010-களின் முகம் போன் கேமராவுக்கும் வட்ட விளக்குக்குமாகச் செய்யப்பட்டது. முன்னாலிருந்து சமமாக விழும் வெளிச்சம் முகத்தின் மேடுபள்ளங்களை அழித்துவிடும். அழிந்த நிழல்களைத் திரும்ப வரைவதே கான்டூர். அதே முகத்தோடு பகல் வெளிச்சத்தில் நடந்தால், இயற்கை நிழலும் வரைந்த நிழலும் இரண்டாகத் தெரியும். கண்ணுக்கடியில் பவுடரைக் குவித்து 5–10 நிமிடம் வைக்கும் முறையும் நிலையான விளக்குக்கானது. சிலிகா அதிகமுள்ள வெண்பவுடர் பிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளைத் திட்டாகத் தெறிக்கும். விழாவுக்குப் போகுமுன் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

இதற்கு எதிர்த்திசையில் கொரியாவிலிருந்து குஷன் காம்பாக்ட் வந்தது. அமோர்பசிபிக் நிறுவனம் 2008-ல் ஐயோபே என்ற பெயரில் வெளியிட்டது. ஸ்பாஞ்சுக்குள் ஊறிய நீர்த்த பவுண்டேஷன், மெல்லிய ஈரப் பூச்சு. 2020-களின் பளபளக்கும் தோலுக்கு அடித்தளம் அங்கேதான்.

இப்போது மெல்லிய புருவம் திரும்பியிருக்கிறது, புருவத்தை வெளுத்துக்கொள்வதும் சாயமேற்றுவதும் கூடவே வந்திருக்கின்றன. பிடுங்குவதற்கு முன், பசைக்குச்சியால் மறைத்து மெலிதாக வரைந்து ஒரு வாரம் கண்ணாடியில் பாருங்கள். சாயமேற்றுவதாக இருந்தால் பெட்டியில் பாரா-ஃபினிலீன்டயமீன் இருக்கிறதா என்று படியுங்கள். இருந்தால் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம். இல்லாவிட்டாலும் காதின் பின்புறத்தில் சிறு புள்ளி தடவி 48 மணி நேரம் காத்திருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தச் சாயம் உங்களுக்கானது இல்லை. பென்சிலால் அதே வடிவத்தை 2 நிமிடத்தில் வரைந்துவிடலாம், இரவில் கழுவியும் விடலாம்.